முகம் பார்க்காத வைத்தியம்

கரிசல் பூமியில் சரும ஆலோசனை கைபேசியில் கிடைக்கிறது. மருந்து கடையில் கிடைக்கிறது. நடுவில் இருக்க வேண்டிய டாக்டரைத்தான் காணோம்.

தீப்பெட்டி ஆபீஸ் விடுகிற நேரத்தில் கோவில்பட்டி மருந்துக்கடைகளில் கூட்டம் சேரும். சர்க்கரை மாத்திரை, தலைவலித் தைலம், பிள்ளைக்கு இருமல் மருந்து என்று வழக்கமான வியாபாரம் நடக்கும். அதற்கு நடுவே கைபேசியை நீட்டிக்கொண்டு நிற்கும் இளம் முகங்களும் இப்போது வாடிக்கையாகிவிட்டன. "அண்ணே, இந்த க்ரீம் இருக்கா?" திரையில் இருப்பது டாக்டர் சீட்டு அல்ல, ரீல்ஸிலிருந்து எடுத்த ஸ்கிரீன்ஷாட். "இது இல்லம்மா. இதே மருந்து வேற கம்பெனியில இருக்கு, தரவா?" ஒரு தலையாட்டல், கொஞ்சம் பணம், சின்னக் காகிதப் பை. ஒரு சிகிச்சை தொடங்கிவிட்டது.

இதற்குள் அந்தப் பெண்ணின் முகத்தை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. பரு எத்தனை நாளாக இருக்கிறது, என்ன வேலை பார்க்கிறாள், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, ஏற்கெனவே என்னென்ன பூசிப் பார்த்தாள் என்று கேட்க ஆளில்லை. வீடியோவில் பேசியவரால் அவளைப் பார்க்க முடியாது. கடைக்காரருக்குப் பார்க்க நேரமில்லை. சரும மருத்துவமோ பாதிக்கு மேல் கண்ணால் நடக்கிற மருத்துவம். ஒரே மாதிரி தெரிகிற இரண்டு வெள்ளைத் திட்டுகளில் ஒன்று வெறும் தேமலாக இருக்கும், இன்னொன்று தொழுநோயாக இருக்கும். பார்த்து, தொட்டு, கேட்டால்தான் பிரித்தறிய முடியும்.

சமூக ஊடகத்தின் சரும ஆலோசனையில் உள்ள பெரிய கோளாறு அது பொய் சொல்வதல்ல. பல நேரம் அது உண்மையைத்தான் சொல்கிறது. ஆனால் வேறு யாருக்கோ சொல்கிறது.

பழைய ஆசை, புதிய வேகம்

அழகுக் குறிப்பு தமிழர்களுக்குப் புதிதல்ல. பக்கத்து வீட்டு அக்கா, டி.வி. விளம்பரம், வாரப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்கள் என்று அது எப்போதும் இருந்தது. 1975-ல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, சிவப்பாக இருந்தால்தான் வேலையும் வரனும் கிடைக்கும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தது. அதை எதிர்த்து 2009-ல் சென்னையிலிருந்து 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் கிளம்பியது. பின்னர் நடிகை நந்திதா தாஸ் அதன் முகமானார். 2020-ல் அந்த க்ரீமே தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை நீக்கிவிட்டு க்ளோ அண்ட் லவ்லி ஆனது.

அதே காலத்தில் வேறொரு மாற்றமும் நடந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தை எல்லார் கைக்கும் எட்டவைத்தது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டது. அந்த வெற்றிடத்தில் ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இறங்கின. விளாத்திகுளத்துக்கும் கழுகுமலைக்கும் கயத்தாறுக்கும் உலகத்தின் அத்தனை அழகு நிபுணர்களும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள்.

டி.வி. விளம்பரம் ஊருக்கே பொதுவாகப் பேசியது. ரீல்ஸ் தனித்தனியாகப் பேசுகிறது. பரு பற்றிய வீடியோவில் கொஞ்ச நேரம் விரல் நின்றால் போதும், அடுத்து வருவதெல்லாம் பருவாகவே இருக்கும். இரண்டு நாளில், தன் முகத்தைத்தான் உலகமே கவனிக்கிறது என்று ஒரு பதினாறு வயதுப் பெண் நம்பத் தொடங்கிவிடுவாள். போதாக்குறைக்கு, பல கைபேசிக் கேமராக்கள் கேட்காமலேயே முகத்தை மெழுகிவிடுகின்றன. தன் செல்ஃபியிலேயே தன்னைவிட வெளுப்பான ஒருத்தியை அவள் தினமும் பார்க்கிறாள். கண்ணாடிக்கு முன்னால் நின்றால் ஏமாற்றம்தான்.

இது கோவில்பட்டிப் பிள்ளைகளுக்கு மட்டும் வந்த சோதனையும் அல்ல. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 13 வயதுச் சிறுமிகள்போல டிக்டாக் கணக்குத் தொடங்கி, அதில் வந்த 100 சருமப் பராமரிப்பு வீடியோக்களை ஆராய்ந்தார்கள். 7 முதல் 18 வயது வரையிலான பெண்கள் நடித்த அந்த வீடியோக்களில் சராசரியாக ஆறு பொருட்கள் முகத்தில் ஏறின. அதிகம் பார்க்கப்பட்ட வீடியோக்களில் சருமத்தை எரிச்சலூட்டக்கூடிய வேதிப்பொருட்கள் சராசரியாகப் பதினொன்று இருந்தன. பகல்நேரப் பூச்சுகளில் 26 சதவீதத்தில்தான் சன்ஸ்கிரீன் இருந்தது. 2025 ஜூனில் இந்த ஆய்வு வெளியானது. தேவையில்லாத பத்தைச் சொல்லிக்கொடுத்து, தேவையான ஒன்றை விட்டுவிடுகிற பள்ளிக்கூடம் அது.

மூன்றே நாளில் வெளுப்பது எப்படி?

மனிதத் தோலின் மேலடுக்கு முழுசாகப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். பரு ஆறிய கரும்புள்ளி மறைய மாதங்கள் ஆகும். நம் போன்ற மாநிறத் தோலில் அது இன்னும் மெதுவாக மறையும். மங்கு விழுந்தால் வருஷக் கணக்கில் போராட வேண்டும். அப்படியிருக்க, மூன்று நாளில் முகம் பளிச்சென்று ஆகிறதென்றால் அந்த டப்பாவுக்குள் என்னவோ இருக்கிறது. பெரும்பாலும் அது ஸ்டீராய்டு.

பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், க்ளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு க்ரீம்கள் நல்ல மருந்துகள்தான். கரப்பான், சோரியாசிஸ் உள்ளவர்களுக்கு டாக்டர் அளந்து கொடுக்கும்போது அவை வரப்பிரசாதம். முகத்தில் பூசினால் ரத்தக் குழாய்கள் சுருங்கும், சிவப்பும் வீக்கமும் அடங்கும், நிறமிச் செல்கள் மந்தமாகும். பூசியவருக்கு முகம் 'பளிச்'. சில வாரம் தொடர்ந்தால் தோல் மெலிந்து காகிதமாகிறது. மெல்லிய ரத்தக் குழாய்கள் வெளியே தெரிகின்றன. பரு கொத்துக் கொத்தாக வருகிறது. முகத்தில் ரோமம் முளைக்கிறது. வெயிலில் போனால் எரிகிறது. பயந்துபோய் நிறுத்தினால் முன்னைவிட மோசமாகச் சிவந்து கொதிக்கிறது. மறுபடி பூசினால் அடங்குகிறது. 'இந்த க்ரீம்தான் எனக்கு ஒத்துக்குது' என்று அவர் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். உண்மையில் அது அடிமைத்தனத்தின் ஆரம்பம்.

மங்குக்காக 1975-ல் அமெரிக்க சரும மருத்துவர் க்ளிக்மன் ஒரு கலவையைச் சொன்னார். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், கூடவே ஒரு ஸ்டீராய்டு. சில வாரங்களுக்கு மட்டும், மருத்துவர் கண்காணிப்பில் பூச வேண்டியது. அதன் மாற்று வடிவங்கள் இந்திய மருந்துக்கடைகளில் அழகு க்ரீமாகவே உலவத் தொடங்கின. ரீல்ஸுக்கு முன்பே அந்தப் பழக்கம் ஊறிவிட்டது. 2011-ல் இந்திய சரும மருத்துவ இதழில் வந்த பல மைய ஆய்வு ஒன்றில், முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 126 பேர் அதை நிறத்துக்காகவோ பொதுவான முகக் க்ரீமாகவோ பயன்படுத்தினார்கள். 257 பேருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவரே அல்ல. அன்று பரிந்துரைத்தது தோழியும் கடைக்காரரும் பார்லர் அக்காவும். இன்று அந்த இடத்தில் லட்சக்கணக்கானவர்கள் பின்தொடரும் ஒரு முகம் இருக்கிறது. பழைய நோய்க்குப் புதிய வேகம் கிடைத்திருக்கிறது.

2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை 'ஷெட்யூல் ஹெச்' பட்டியலுக்குள் கொண்டுவந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது விதி. அந்த விதிக்கும் நம் கடை மேஜைக்கும் நடுவே உள்ள தூரம் எல்லாருக்கும் தெரிந்ததே.

இதே க்ரீம்கள் இன்னொரு வினையையும் விளைத்தன. படர்தாமரைக்கு ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் ஆண்டிபயாடிக்கும் சேர்ந்த கலவையைப் பூசினால் அரிப்பு உடனே நிற்கும். பூஞ்சையோ உள்ளே பரவும். எளிதில் குணமான படர்தாமரை, ஒரு வீட்டில் எல்லாரையும் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் நீடிக்கிற நோயாக மாறியது. வழக்கமான மருந்துக்கு அடங்காத இந்தப் பூஞ்சை வகைக்கு 2020-ல் 'ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே' என்று பெயர் சூட்டினார்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது. 2023-ல் நியூயார்க்கில் அது கண்டறியப்பட்டதை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது.

மலப்புறம் சொன்ன பாடம்

ஸ்டீராய்டைவிடக் கொடியது பாதரசம். தோலின் நிறமியை உருவாக்கும் நொதியைப் பாதரசம் முடக்குகிறது, அதனால் நிறம் குறைகிறது. கூடவே அது தோல் வழியாக ரத்தத்துக்குள் போய்ச் சிறுநீரகத்தில் தங்குகிறது. பூசியவரிடமிருந்து ஆவியாகி வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் போகிறது.

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2023-ல் இது வெளிச்சத்துக்கு வந்தது. கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனைக்கு முகம், கால் வீங்கி, சிறுநீர் நுரைத்துப்போய் ஆட்கள் வந்தார்கள். அதில் 14 வயதுச் சிறுமியும் உண்டு. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, சிறுநீரகம் மட்டும் புரதத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை 'மெம்பரனஸ் நெஃப்ரோபதி' என்ற அந்தச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு 'நெல்-1' என்ற அரிய வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் நிறம் தரும் க்ரீம் பூசியதாக ஒப்புக்கொண்டார்கள். க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள். ஒருவருக்கு மூளை ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்தது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் இறங்கிச் சோதித்தது.

இந்தியாவின் 2020 அழகுப்பொருள் விதிகள், தற்செயலாகக் கலந்திருக்கக்கூடிய பாதரசத்துக்கு பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று எல்லை வைத்திருக்கின்றன. ஆனால் லேபிள் இல்லாத டப்பா எந்த விதியையும் படிப்பதில்லை. வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு, 'ப்ரைஸ் வேணும்னா கமென்ட் பண்ணுங்க சிஸ்' என்று விற்கப்படும் நைட் க்ரீமை யார் செய்தார், எங்கே செய்தார், அதில் என்ன போட்டார் என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. விற்கிறவருக்கும் பல நேரம் தெரியாது.

மலப்புறத்து மருத்துவர்கள் நோயைக் கண்டுபிடித்த விதம் நமக்கு முக்கியம். அரிய பரிசோதனை ஒருபுறம் இருக்கட்டும். 'முகத்துக்கு என்ன பூசுறே?' என்ற கேள்விதான் முடிச்சை அவிழ்த்தது.

ரீல்ஸுக்குத் தெரியாத கரிசல்

தென்கொரியாவின் பத்துப் படிப் பராமரிப்பை ஒரு வீடியோ சொல்லித்தருகிறது. குளிர்காலத்தில் காற்றே உறைகிற சியோல் நகரத்துக்கு அந்த அடுக்கடுக்கான பூச்சு பொருந்தலாம். கத்திரி வெயிலில் கரிசல் வெடித்துக் கிடக்கும்போது, மின்விசிறி இல்லாத கொட்டகையில் குச்சி அடுக்குகிற பெண்ணுக்கு அது வியர்வைத் துவாரத்தை அடைத்து வேர்க்குருவும் பருவும்தான் தரும்.

அந்தப் பெண்ணின் கையிலும் முகத்திலும் அரிப்பு வந்தால் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும். தீக்குச்சித் தலையில் ஒட்டுகிற 'மருந்தில்' பொட்டாசியம் குளோரேட், கந்தகம் முதலியவற்றோடு பொட்டாசியம் டைகுரோமேட்டும் சேர்க்கப்படுவதுண்டு. குரோமேட் உலகறிந்த ஒவ்வாமைப் பொருள். சிமென்டிலும் அது இருப்பதால்தான் கொத்தனார், சித்தாள் கைகள் வெடித்துப் புண்ணாகின்றன. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் பூச்சிமருந்து அடிக்கிறவர், மிளகாய் பழம் பறிக்கிறவர், சீமைக்கருவேல விறகில் கரிமூட்டம் போடுகிறவர் என்று இங்கே ஒவ்வொரு வேலையும் தோலில் தன் கையெழுத்தைப் போட்டிருக்கிறது.

பார்த்தீனியம் இன்னொரு பகைவன். 1950-களில் புனே பக்கம் தென்பட்டு நாடெங்கும் பரவிய இந்தச் செடி, மழை பெய்த சில வாரங்களில் தரிசையும் சாலையோரத்தையும் வெள்ளைப் பூவால் நிரப்பிவிடுகிறது. காய்ந்த செடியின் தூசு காற்றில் பறந்து கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பில் படும். ஒவ்வாமை உள்ள விவசாயிக்குத் தோல் தடித்துக் கறுத்து, தாங்க முடியாத அரிப்பு வரும். அவர் கைபேசியில் தேடினால் கிடைப்பது 'டான் ரிமூவல்' வீடியோ. வெயிலில் கறுத்தது என்று நினைத்து எலுமிச்சை தேய்ப்பார். அவருக்குத் தேவை பார்த்தீனியத்தை விட்டு விலகுவதும், சரியான மருந்தும்.

கழுத்துக் கருமைதான் எல்லாவற்றிலும் வேதனையான உதாரணம். "ஏட்டி, கழுத்துல என்ன இம்புட்டு அழுக்கு, தேச்சுக் குளியேன்" என்று வீட்டில் திட்டு வாங்காத பிள்ளை குறைவு. ரீல்ஸில் அதற்குச் சமையல் சோடா, காபித்தூள், சர்க்கரை என்று நூறு தேய்ப்பு வைத்தியம் இருக்கிறது. பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்து வெல்வெட் மாதிரி கறுத்தால் பெரும்பாலும் அது அழுக்கல்ல. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் வெளி அடையாளம் அது. சர்க்கரை நோய்க்கும் பெண்களின் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கும் முன்னறிவிப்பு. தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும். எடையும் சாப்பாடும் சீராகும்போதுதான் மங்கும். வீடியோ அதை அழகுக் குறையாகக் காட்டுகிறது. டாக்டர் பார்த்தால் ரத்தப் பரிசோதனைக்கு எழுதுவார்.

தேமலுக்குக் குப்பைமேனி, பூவரசங்காய் என்று சொல்லும் வீடியோக்களும் ஏராளம். தேமலாக இருந்தால் பெரிய நஷ்டமில்லை. அந்த வெளிறிய திட்டில் உணர்ச்சி இல்லையென்றால்? தொடுவதோ சூடோ தெரியவில்லையென்றால்? தொழுநோயாக இருக்கலாம். ஆரம்பத்தில் கண்டால் மாதக் கணக்கில் மாத்திரை சாப்பிட்டு முழுசாகக் குணமாகலாம், மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். ஆறு மாதம் பச்சிலை அரைத்துப் பூசிக்கொண்டிருந்தால், நரம்பு செத்து விரல் மடங்கிவிடலாம்.

அடுப்பங்கரையில் எது சரி, எது தப்பு

வீட்டு வைத்தியம் எல்லாவற்றையும் ஒரே கட்டாகத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பாசிப்பயறு மாவு, நலங்கு மாவு, பூசிக்கொள்ளும் மஞ்சள், பனிக்காலத்தில் தேங்காய் எண்ணெய் எல்லாம் பெரும்பாலானவர்களுக்குப் பகையில்லாதவை. வறண்ட தோலுக்குக் குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவுவதை மருத்துவர்களும் ஆட்சேபிப்பதில்லை. பரு உள்ள முகத்துக்கு மட்டும் எண்ணெய் வேண்டாம்.

எலுமிச்சை வேறு. நம் தோல் இயல்பாகவே லேசான அமிலத்தன்மை உள்ளது, எலுமிச்சைச் சாறோ கடும் அமிலம். அதிலுள்ள சில பொருட்கள் வெயில் பட்டால் தோலைப் பொசுக்கும். பூசிக்கொண்டு வெயிலில் இறங்கினால் கொப்புளம், அது ஆறினால் மாதக்கணக்கில் நிற்கும் கருந்தழும்பு. சமையல் சோடா நேரெதிர்த் திசையில், காரமாக இருந்து தோலின் பாதுகாப்பு அரணைக் கரைக்கிறது. பருவில் பற்பசை வைப்பது, முகத்தை உப்புத்தாள் போட்டதுபோலத் தேய்ப்பது எல்லாம் மாநிறத் தோலில் தழும்பை விதைக்கிற வேலை.

ரீல்ஸ் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். சன்ஸ்கிரீன் என்ற சொல்லைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தது அதுதான். ஆனால் முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் வேண்டும், வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கொருமுறை மறுபடி பூச வேண்டும். காட்டு வேலைக்கு அது கட்டுப்படியாகாது. நம் பெண்கள் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேலே மாட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு களையெடுக்கப் போகிறார்களே, அந்தச் சட்டை எந்த க்ரீமுக்கும் குறைந்ததல்ல. இதை ரீல்ஸாகப் போட்டால் விற்க ஒன்றுமில்லை, அதனால் யாரும் போடுவதில்லை.

ஏன் போகிறார்கள்?

'படிச்ச பிள்ளைக இப்படிப் போயி ஏமாறுதே' என்று சலித்துக்கொள்வது சுலபம். கோவில்பட்டியில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை இருக்கிறது. திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் விருதுநகரிலும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆனால் புதூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் தோல் டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் பிடித்து, வரிசையில் நின்று, திரும்பி வருவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும். பருவுக்காக லீவு என்று சொன்னால் சிரிப்பார்கள். தொடையிடுக்கில் படர்தாமரை என்று ஆண் டாக்டரிடம் எப்படிக் காட்டுவது? அந்தரங்கமான சந்தேகத்தை அம்மாவிடம்கூடக் கேட்க முடியாத பிள்ளைக்குக் கைபேசி திட்டாது, சிரிக்காது, யாரிடமும் சொல்லாது.

அதே கைபேசியில் தமிழில் பொறுமையாக விளக்குகிற சரும மருத்துவர்களும் இருக்கிறார்கள். வெண்புள்ளி ஒட்டிக்கொள்ளும் நோயல்ல என்று துணிந்து முகம் காட்டிப் பேசுகிற பெண்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு முதல் முறையாக மருத்துவமனைப் படியேறியவர்கள் உண்டு. வீடியோ ஒருவரை டாக்டரிடம் அனுப்பினால் அது உதவி. டாக்டரின் இடத்தில் தானே உட்கார்ந்தால் அது ஆபத்து. பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிற ஒரு வீடியோவை, புதிதாகக் கல்யாணமான பெண்ணும் பார்க்கிறாள். அந்த மாத்திரை கருவிலிருக்கும் குழந்தையைக் கடுமையாக ஊனப்படுத்தக்கூடியது. அவள் கர்ப்பமா என்று கேட்க வீடியோவுக்கு வழியில்லை.

வாங்கும் முன் பாருங்கள்

• 'மூன்று நாள்', 'ஏழு நாள்' என்று கெடு சொல்லும் க்ரீமை வாங்காதீர்கள்.

• தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், உட்பொருட்கள் லேபிளில் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதியாளர் பெயரும் பதிவு எண்ணும் வேண்டும். வீட்டில் செய்த க்ரீம், சோப் ஆனாலும் விற்பதற்கு உரிமம் தேவை.

• டியூபில் 'ஆர்எக்ஸ்' குறி இருந்தாலோ, பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்ற பெயர் இருந்தாலோ, சீட்டு இல்லாமல் முகத்தில் பூசாதீர்கள். ஏற்கெனவே பல மாதம் பூசியிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

• வெள்ளையாக்கும் குளுட்டாதயோன் ஊசியை எந்தப் பார்லரிலும் போட்டுக்கொள்ளாதீர்கள்.

• சரும மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் எம்.டி. டி.வி.எல். போன்ற பட்டமும், மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் இருக்கும். கேட்பதில் தப்பில்லை.

• உணர்ச்சியற்ற திட்டு, வேகமாகக் கறுக்கும் கழுத்து, வீட்டில் எல்லாருக்கும் இரவில் அரிப்பு, க்ரீம் பூசும் காலத்தில் முக வீக்கமோ நுரைத்த சிறுநீரோ இருந்தால், தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

சட்டம் இருக்கிறது, கண் இல்லை

சட்டத்தில் பஞ்சமில்லை. காசு வாங்கிக்கொண்டு பேசும் இன்ஃப்ளுயன்சர்கள் அதை விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-லேயே நெறிமுறை கொண்டுவந்தது. 2023 ஆகஸ்டில், உடல்நலம் பற்றி அறிவுரை சொல்வோர் தங்கள் தகுதியைக் காட்ட வேண்டும் என்றும் சேர்த்தது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் உண்டு. பதஞ்சலி வழக்கில் 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம், விளம்பரத்தில் தோன்றும் பிரபலங்களும் இன்ஃப்ளுயன்சர்களும் சம பொறுப்பாளிகள் என்றது. யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொள்வது அழகுச் சிகிச்சை செய்யப் போதுமான பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் எச்சரித்தது. மருத்துவர்களுக்கே இப்படிச் சொல்ல வேண்டி வந்ததென்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

இவையெல்லாம் டெல்லியிலும் மும்பையிலும் உட்கார்ந்து பெரிய முகங்களைப் பிடிக்க உதவும். பத்தாயிரம் பேர் பின்தொடரும் உள்ளூர் சிஸ்டரையும், அவர் விற்கும் லேபிள் இல்லாத டப்பாவையும் பிடிக்க உதவாது. அதற்கு உள்ளூரில்தான் வேலை நடக்க வேண்டும். முதல் காரியம், மருந்துக்கடைகளில் ஸ்டீராய்டு க்ரீம் சீட்டில்லாமல் போகாதபடி மருந்து ஆய்வாளர்கள் பார்ப்பது. கடைக்காரர் சங்கங்களே முடிவெடுத்தால் அதுவும் தேவையில்லை.

இரண்டாவது காரியத்துக்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அவர்கள் கையிலும் கைபேசி இருக்கிறது. கழுத்துக் கருமையையும் உணர்ச்சியற்ற திட்டையும் கவனிக்க அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, 'முகத்துக்கு என்ன பூசுறே தாயி?' என்ற ஒரு கேள்வியைப் படிவத்தில் சேர்த்தால் போதும். சந்தேகமானவர்களின் படத்தை மாவட்ட மருத்துவமனைச் சரும மருத்துவருக்கு அனுப்பலாம். அரசின் இ-சஞ்சீவனி தொலைமருத்துவச் சேவை ஏற்கெனவே நடக்கிறது. தீப்பெட்டி ஆபீஸ்களில் கண் சிகிச்சை முகாம் போடுவதுபோல ஆண்டுக்கு ஒருமுறை தோல் முகாம் போட்டால், ஒரு நாள் கூலியை இழக்காமல் அத்தனை பேர் கையையும் முகத்தையும் ஒரு டாக்டர் பார்த்துவிடுவார்.

ரீல்ஸை நிறுத்த யாராலும் முடியாது, நிறுத்த வேண்டியதும் இல்லை. வீடியோவில் நாம் யார் யார் முகத்தையோ பார்த்துக்கொண்டிருக்கிறோம். நம் முகத்தைப் பார்க்க ஒருவர் நம் ஊருக்கு வந்துவிட்டால், அந்த ஸ்கிரீன்ஷாட்டை அவரிடமே காட்டிக் கேட்கலாம். பூசலாமா வேண்டாமா என்று சொல்லத் தகுதியுள்ளவர் அவர் ஒருவர்தான்.